பத்துக் கோடா, பதினைந்து கோடா?

சென்னையில் நான்கு நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது என் சட்டைப் பையில் பதினொரு பத்து ரூபாய் நாணயங்கள் இருந்தன. பஸ்ஸில், டீக்கடையில், பூக்காரம்மாவிடம் மீதியாக வந்தவை. எழும்பூரில் ரயில் ஏறும்வரை அவை நூற்றுப்பத்து ரூபாய். எங்கள் ஊரில் இறங்கியதும் பதினொரு தகடுகள்.

தெருமுனை மளிகைக் கடையில் கால் கிலோ உளுந்து வாங்கிக்கொண்டு நான்கு நாணயங்களை வைத்தேன். அண்ணாச்சி கையால் தொடவில்லை. கணக்கு எழுதும் பேனாவால் என் பக்கம் தள்ளினார்.

"நோட்டா குடுங்க தம்பி. இத யாரும் வாங்குறதில்ல."

"நீங்க ஏன் அண்ணாச்சி வாங்குறதில்ல?"

"அதான் சொன்னேனே, யாரும் வாங்குறதில்ல."

தேங்காய் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இந்த இடத்தில் தீர்ப்புச் சொல்ல வந்தார். நாணயத்தை வெளிச்சத்தில் பிடித்து, பத்து என்ற எண்ணுக்கு மேலே விரியும் கோடுகளை நகத்தால் எண்ணினார். "பத்துக் கோடுன்னா ஒரிஜினல். பதினஞ்சுன்னா டூப்ளிகேட்." கல்யாணத்துக்குத்தான் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். என் நான்கில் இரண்டுக்குப் பொருத்தம் இல்லை.

விடுவேனா? இந்த நாணயம் 2009ல் புழக்கத்துக்கு வந்தது, 2011ல் ரூபாய்க் குறியைச் சேர்த்தபோது கோடு பத்தாகக் குறைந்தது, மொத்தம் 14 வடிவங்கள், எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2018ல் அறிவித்துவிட்டது என்று பிரசங்கம் செய்தேன்.

"பதினாலு தினுசா?" என்றார் அண்ணாச்சி. "அப்ப கள்ளக்காசு அடிக்கிறவனுக்கு வசதியாப் போச்சு."

கடைசி அஸ்திரம் மிச்சமிருந்தது. 14440க்கு மிஸ்டு கால் கொடுத்தால் ரிசர்வ் வங்கி திரும்ப அழைத்து விளக்கும். கொடுத்தேன். அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணாச்சி எடை போடுவதை நிறுத்திவிட்டு, கோயிலில் மந்திரம் கேட்பதுபோல் முழுசாகக் கேட்டார்.

"செல்லும்னுதான் சொல்றாங்க. அப்ப அவங்களையே வாங்கிக்கச் சொல்லுங்க தம்பி."

வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர்மேல் முழுப் பழியையும் போட மனசில்லை. காசுக்கு இப்படி அடிக்கடி முகத்தை மாற்றினால் யார்தான் நம்புவார்கள்? இரண்டு ரூபாயில் வேற்றுமையில் ஒற்றுமை என்று கோடு போட்டார்கள். சிலர் அதில் சிலுவையைக் கண்டு சண்டைக்கு வந்தார்கள். 2007ல் முத்திரை வரிசை வந்தது: ஒரு ரூபாய்க்குக் கட்டைவிரல், இரண்டு ரூபாய்க்கு இரண்டு விரல். பள்ளிக்கூடத்தில் இரண்டு விரலைக் காட்டி 'ரெண்டுக்கு' அனுமதி கேட்டு வளர்ந்தவர்கள் அதை எப்படி மரியாதையாகப் பார்ப்பது? 2011ல் இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டருக்குச் சுருங்கி, பழைய ஒரு ரூபாய் அளவுக்கே வந்து நின்றது. சுருக்குப் பைக்குள் விரலை விட்டே காசு எண்ணும் என் அம்மா, அன்று முதல் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கண்ணாடி போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். காசு அடிப்பது அரசாங்கம்தான். ஆனால் அது செல்லுமா என்பதை அடுத்து வாங்கப்போகிறவரின் முகம்தான் சொல்கிறது.

போன மாதம் பதினொன்றையும் எடுத்துக்கொண்டு மறுபடி சென்னை போனேன். முதல் நாளே ஒருவரும் ஒரு கோடுகூட எண்ணாமல் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பஸ்ஸில் ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். மீதி இருபதுக்குக் கண்டக்டர் ஒற்றை நாணயத்தை வைத்தார். வட்டமாகவும் இல்லாமல் சதுரமாகவும் இல்லாமல் என்னவோ போல் இருந்தது. எண்ணினேன், பன்னிரண்டு பக்கம். திருப்பிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன்.

"நோட்டா இல்லையா சார்?"

கேட்ட பிறகுதான் அது என் குரல் என்று உறைத்தது.

"செல்லும் சார்" என்றார் கண்டக்டர், அடுத்த டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே. "சந்தேகம்னா ஒரு மிஸ்டு கால் குடுத்துப் பாருங்க."