காபித் தராசு நிர்ணயம்: ஒரு பாட விமர்சனம்

காபிப்பொடி நிறுக்கும் தராசைப் பற்றி இதுகாறும் முறையான சாஸ்திரம் ஒன்று எழுதப்படாமல் போனது, குடிப்போர் அனைவரும் காரியத்தில் கண்ணாயிருந்து காரணத்தை ஆராயாமல் விட்ட குற்றமேயன்றி விஷயத்தின் அற்பத்தனத்தால் அன்று. மகாபாரதப் பாடபேதங்களை ஒப்புநோக்கும் பணியை 1919-இல் தொடங்கி 1966-இல் 19 தொகுதிகளாக முடித்த பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் விளங்கும் புனே மாநகரில், இன்றைக்கும் கரண்டியால் காபிப்பொடி அளக்கும் குடும்பங்கள் உண்டெனில், அது ஆராய்ச்சி யுகத்துக்கே இழுக்கு.

முதற்கண் பூர்வபக்ஷமாகிய கரண்டிக் கட்சியைக் காண்போம். புனேயின் ராஸ்தா பேட்டைத் தமிழரிடையே வழங்கும் பாடங்கள் இரண்டு: தலைதட்டிய கரண்டி, குவித்த கரண்டி. மகாபாரதப் பதிப்பாளர்கள் தென்னாட்டுப் பாடம் நீண்டது என்று கண்டு அதன் மிகுதியை அடிக்குறிப்புக்கும் பிற்சேர்க்கைக்கும் தள்ளினார்கள். காபியிலும் தென்னாட்டுப் பாடம் ஒரு கரண்டி கூடுதலே (என் மாமியார், வாய்மொழி). ஆனால் அந்த ஒரு கரண்டியை அடிக்குறிப்புக்குத் தள்ளத் துணிந்த மருமகள் இன்னும் பிறக்கவில்லை (மேற்படி மாமியார், வாய்மொழி, இரண்டாம் திருத்திய பதிப்பு, பால் பொங்கி வழிந்தபின் அருளியது).

இனித் தராசின் வகைகள். ஒரு கிராம் நுட்பமுள்ள அடுக்களைத் தராசு ரவைக்கு உத்தமம். நகைக்கடைப் பாணியில் 0.01 கிராம் காட்டும் சிறு தராசு, டம்ளரை வைத்ததும் மூர்ச்சையாகும். எஞ்சுவது 0.1 கிராம் நுட்பமும் கடிகாரமும் உடைய காபித் தராசு. எஸ்பிரஸோவுக்கு 18 கிராம் பொடியிட்டு, இருபத்தைந்து முப்பது விநாடிகளில் 36 கிராம் பானம் இறக்குவது வழக்கம். முழுக் கிராமாகக் காட்டும் தராசு '18' என்னுமிடத்து உண்மை பதினேழரையாகவும் இருக்கலாம், பதினெட்டரைக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம் என்பதால் அது சாட்சிக் கூண்டுக்கு லாயக்கற்றது.

இங்கே ஒரு மகத்தான சங்கை எழுகிறது. சென்னையில் எடைக்கல் வைத்துத் திருத்திய தராசைப் புனேக்குக் கொணர்ந்தால் அது சத்தியம் பேசுமா? தராசின் உள்ளிருக்கும் உலோகத் துண்டு, பூமி பொருளை இழுக்கும் இழுப்பால் வளைந்து, அவ்வளைவை மின்தடையாக மாற்றிச் சொல்கிறது. வடக்கே ஐந்து பாகைக்கு மேல் நகர்ந்ததால் இழுப்புக் கூடுகிறது. கடல்மட்டத்துக்குமேல் சுமார் 560 மீட்டர் ஏறியதால் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் விழுங்கியபின், 18 கிராமில் தங்கும் பேதம் 2 மில்லிகிராமுக்கும் குறைவு. நூறு மில்லிகிராமுக்குக் குறைந்த எதையும் அறியாத தராசுக்கு இது புலப்படாதுதான். எனினும் இந்த இரண்டு மில்லிகிராமைக் கொண்டு ஒரு கருத்தரங்கும், கருத்தரங்கை மறுத்து ஒரு நூலும், நூலைத் தழுவி இரண்டு முனைவர் பட்டங்களும் ஆகக்கூடும் என்பதை அனுபவஸ்தர் அறிவர் (தராசின் அட்டைப்பெட்டி, உள்மடிப்பு, டிகாக்ஷன் கறைக்குக் கீழ், மூன்றாம் வரி, சிதைந்தது; ஒப்புநோக்குக: அதே பெட்டி, மறுபக்கம், முற்றும் சிதைந்தது).

பில்டர் காபிக்காரருக்கு வேறொரு சங்கடம். சூன்யத்தைக் காக்கும்படி அமைந்த சில தராசுகள், மெதுவாக விழும் முதற்சொட்டுகளை இல்லையென்றே சாதித்து 0.0 காட்டி நிற்கும் சூன்யவாதிகள். நிதானம் புனேப் பண்டிதர்களுக்குப் பூஷணம்: டெக்கான் கல்லூரியில் 1948-இல் தொடங்கிய சமஸ்கிருத அகராதி முப்பதுக்கு மேற்பட்ட தொகுதிகள் கண்டும் அகரத்தைக் கடக்கவில்லை. தராசுக்கு அந்தப் பொறுமை ஏது? டிகாக்ஷன் இறங்கக் கால்மணிக்கு மேலாகும். தராசோ சில நிமிஷங்களில் தானாகவே அணைந்து, அதுவரை கண்ட எண்ணையும் மறந்துவிடுகிறது. சுடுடம்ளரை நேராக வைத்தாலோ, ஒரு சொட்டும் விழாமலே கடைசி இலக்கம் 36.1, 36.2 என்று ஊரத் தொடங்கும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு அவசியம்.

ஆகவே சித்தாந்தம்: 0.1 கிராம் நுட்பம், இரண்டு கிலோ தாங்கும் திறன், தானே அணைவதைத் தடுக்கும் வசதி. எஸ்பிரஸோ இயந்திரம் வைத்திருப்போர் துளசிபாக் கடைத்தெருவுக்குக் கிளம்புமுன், சொட்டுத்தட்டின் நீள அகலத்தையும், டம்ளருக்கு மேலே மிஞ்சும் உயரத்தையும் அடிக்கோலால் அளந்து எழுதிக்கொள்ளவும். தட்டில் அடங்காத தராசைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.