பாயப் பழக்கிய பேராசான்

எதிர் ஃபிளாட் சார், உங்களுக்கு நாய் வளர்க்கத் தெரியவில்லை என்று நம் குடியிருப்பில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அபாண்டம்! நாயைப் பழக்குவதில் உங்களை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வாசலில் யார் வந்து நின்றாலும் எம்பி, முன்னங்கால் இரண்டையும் அவர் நெஞ்சில் ஊன்றி வரவேற்கிறதே உங்கள் 30 கிலோ லாப்ரடார், அது என்ன சாதாரணப் பயிற்சியா? ஒருநாள்கூட மறந்ததில்லை. ஆள் தராதரம் பார்த்ததில்லை. அதற்கு கூரியர் பையனும் ஒன்று, சம்பந்தியும் ஒன்று. யாரோ அக்கறையாகச் சொல்லிக்கொடுக்காமல் இப்படி ஓர் ஒழுங்கு வருமா?

குட்டியாக இருந்தபோதே நீங்கள் அடித்தளம் போட்டுவிட்டீர்கள். நாய்க்குட்டி தாயின் வாயை நக்கித்தான் இரை கேட்கும். வளர்ந்த பிறகும் தன் இனத்தைக் கண்டால் முகத்தருகே போய்த்தான் நலம் விசாரிக்கும். மனிதர்களின் முகம் ஐந்தடி உயரத்தில் இருப்பதால் எம்பிப் பார்க்கிறது. நீங்கள் அன்றைக்கே கீழே குந்தி, அதன் நாலு காலும் தரையில் இருக்கும்போது தடவிக்கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்து, நாங்கள் ஒரு கலையை இழந்திருப்போம். நீங்களோ காலைப் பிடித்துத் தொங்கிய குட்டியை வாரியெடுத்து, "என் தங்கத்துக்குப் பாசத்தைப் பாரு!" என்று கொஞ்சினீர்கள். சுகம் தருகிற செயலே மறுபடி மறுபடி செய்யப்பட்டு வேரூன்றும் என்பதை தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1898-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அதற்காக அவர் பூனைகளைக் கூண்டுகளில் அடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் சிரமமெல்லாம் தேவைப்படவில்லை.

குட்டி வளர்ந்ததும் அதே பாடத்தைக் கண்டிப்பு என்ற பெயரில் தொடர்ந்தீர்கள். பாய்ந்த உடனே, "டவுன்! டவுன்! டேய், டவுன்னு சொல்றேன்ல!" என்று முழங்கி, இரண்டு கையாலும் தள்ளுகிறீர்கள். கண்ணும் குரலும் கையும் ஒருசேர அதன்மேல். நாய்க்கு இது மல்லுக்கட்டு விளையாட்டு. அது சமர்த்தாக மூலையில் படுத்திருக்கும் நேரத்தில் நீங்கள் செல்போனிலிருந்து தலை தூக்குவதே இல்லை. படுத்தால் ஒன்றுமில்லை, பாய்ந்தால் திருவிழா என்று இதைவிடத் தெளிவாக எந்த வாத்தியாரால் விளங்கவைக்க முடியும்?

ஆனாலும் உங்கள் மேதைமையை முழுதாகப் பார்க்க உங்கள் உடுப்பைத்தான் கவனிக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தால் பாய்ச்சலுக்குத் திட்டு. லுங்கியில் இருந்தால் அதே பாய்ச்சலுக்கு அணைப்பு. தவறாமல் பரிசு கொடுத்துப் பழக்கியதைவிட எப்போதாவது கொடுத்துப் பழக்கியதுதான், பரிசை நிறுத்திய பிறகும் லேசில் மறையாது. ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற உளவியலாளர்கள் பரிசுகளின் இந்தக் கணக்கையெல்லாம் புறாக்களை வைத்து ஆராய்ந்து, 1957-இல் 700 பக்கங்களுக்கு மேல் புத்தகம் போட்டார்கள். நீங்கள் ஒரே ஒரு லுங்கியில் சாதித்துவிட்டீர்கள். விழாது என்று தெரிந்தும் லாட்டரிச் சீட்டு வாங்கிக்கொண்டே இருந்தவர்களைப் பிடித்தாட்டியதும் இதே கணக்குத்தான். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-இல் தடை வந்துவிட்டது. உங்கள் ஹாலில் மட்டும் குலுக்கல் நிற்காமல் நடக்கிறது.

நடுவில் உங்கள் வீட்டம்மா இதைக் கெடுக்கப் பார்த்தார்கள். பாய்ந்தால் பேசாமல் திரும்பி நிற்பது, நாலு காலும் தரையில் பட்ட மறுகணமே "குட்" சொல்லி ஒரு கேரட் துண்டு கொடுப்பது என்று ஆரம்பித்தார்கள். வழக்கமான கூலி கிடைக்காத நாய் முன்னிலும் ஆவேசமாகப் பாய்ந்தது, குரைத்தது. ஒரு பழக்கம் விட்டுப்போகும் முன் இப்படி மூர்க்கமாகும் என்பதும், கொஞ்சம் பொறுத்தால் அடங்கிவிடும் என்பதும் நாய் பழக்குபவர்கள் அறிந்த விஷயம். அந்த ஆபத்து நெருங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக நீங்கள், "பாவம், ஏங்கிப்போச்சு!" என்று ஓடிவந்து, மிகச் சரியாக அந்த உச்சத்தில் கட்டிக்கொண்டீர்கள். இடுப்புவரை எம்பினால் பத்தாது, தோள்வரை எம்பினால்தான் கூலி என்ற மேற்படிப்பை அது முடித்தது அன்றைக்குத்தான்.

உங்கள் பெருந்தன்மையையும் சொல்லியாக வேண்டும். லாப்ரடார் ஒரு சாப்பாட்டுராமன். ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கப்படும் லாப்ரடார்களிடம் இந்தக் குறை இன்னும் கூடுதலாகக் காணப்பட்டது. தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் ஜாதி என்று அர்த்தம். மணி அடித்ததும் கழுத்தில் சங்கிலியை மாட்டி, தீனி காட்டி "சிட்" என்று உட்காரவைத்து, அதன் பிறகு கதவைத் திறந்தால் போதும். உட்கார்ந்த நாயால் பாய முடியாது. ஆனால் ஒரு வாயில்லா ஜீவனின் பசியைப் பயன்படுத்திக்கொள்ள உங்கள் மனம் இடம் தரவில்லை. அதன் பசியை வாசலில் யாரும் இல்லாத நேரத்தில், சோபாவில் உட்கார்ந்து, பாதி சமோசாவாகத் தீர்த்துவைக்கிறீர்கள்.

வந்தவர்களையும் நீங்கள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. "முழங்காலத் தூக்கி நெஞ்சுல ஒரு இடி வைங்க, அடங்கிடும்" என்ற பழங்காலத்து வைத்தியத்தை இலவசமாகச் சொல்லித்தருகிறீர்கள். வலித்த நாய் பாய்ச்சலை விடாமல் ஆளைக் கண்டு மிரளத் தொடங்கலாம் என்ற வீண் கவலை உங்களுக்கு இல்லை. மூட்டு மாற்று அறுவை முடிந்து கைத்தடியோடு வந்த மேல்வீட்டுப் பாட்டியிடமும் அதையே சொன்னீர்களே, அந்தச் சமத்துவ உணர்வு எத்தனை பேருக்கு வரும்?

"கடிக்காது சார், சும்மா விளையாடுது" என்பீர்கள். சத்தியமான வார்த்தை. அது இதுவரை யாரையும் கடித்ததில்லை, நகத்தால் கீறத்தான் செய்திருக்கிறது. ரத்தம் வராத சிறு கீறலையும் உலகச் சுகாதார நிறுவனம் இரண்டாம் வகைக் காயமாக வைத்திருக்கிறது. சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வெறிநாய்க்கடித் தடுப்பூசி தொடங்க வேண்டிய வகை அது. உங்கள் நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்றும் அட்டை எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னீர்கள். அந்த எங்கேயோ எங்கே என்று தெரியாத, கீறல் வாங்கிய கீழ்வீட்டுப் பையன், அன்றைக்கும் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தான். நாயால் ஒரு பிள்ளைக்கு நாட்காட்டி பார்க்கும் பழக்கம் வந்தது.

நீங்கள் பழக்கியது நாயை மட்டுமா? கூரியர் பையன் பார்சலைப் பத்தடி தூரத்திலிருந்து வாசலில் சரியாக விழும்படி வீசுகிறான். பால்காரர் உங்கள் மாடிக்கு வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடக்கிறார். உங்கள் சொந்தக்காரர்கள் மாற்றுச் சட்டையோடு வருகிறார்கள். ஒரு நாயை வைத்து ஒரு குடியிருப்பையே பழக்கிய உங்கள் வித்தை அந்தப் புறாக்காரர்களுக்கும் கைவராதது.

ஆகவே யார் சொன்னாலும் இதை மாற்றிவிடாதீர்கள். மாற்றுவதென்றால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும், வேலைக்கு வருகிற அம்மாவும், ஞாயிற்றுக்கிழமை வருகிற மச்சானும் ஒரே விதியை ஒரே மாதிரி வாரக்கணக்கில் விடாமல் கடைப்பிடிக்க வேண்டியிருக்கும். ஏசியை எத்தனையில் வைப்பது என்பதிலேயே உங்கள் வீட்டில் இன்னும் ஒரு முடிவு வரவில்லை. கற்றுக்கொடுத்ததைக் கற்றுக்கொடுத்தபடி தினமும் தவறாமல் செய்கிற ஆள் அங்கே உங்கள் நாய் ஒன்றுதான்.