வாசலில் நாற்பது பெருந்தலைகள்

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நாற்பது சிலை வைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெட்டிஷன் போடுவீர்கள். 1800-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூபரிபோர்ட் பெருங்குடி மக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்தவர் பிரபு டிமோத்தி டெக்ஸ்டர் ஆயிற்றே! பிரபு பட்டம் யார் கொடுத்தது என்கிறீர்களா? அவரேதான்.

தோல் பதனிடும் தொழிலாளி. படிப்பு சொற்பம். வசதியான விதவை ஒருவரைக் கட்டிக்கொண்டார். சுதந்திரப் போர்க்காலத்து அரசாங்கக் காகிதங்கள் மதிப்பிழந்து கிடந்தபோது வாங்கிக் குவித்தார். ஊர் சிரித்தது. நிதியமைச்சர் ஹாமில்டன் பழைய கடன்களுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். சிரித்தவர்கள் தங்கள் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம், படுக்கையைச் சூடாக்கும் சட்டிகளை வெயில் கொளுத்தும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினாராம். அங்கே அவை கரும்புப்பாகு அள்ளும் கரண்டியாக விற்றுத் தீர்ந்தனவாம். ஆதாரம்? அவர் எழுதிய புத்தகம். வியாபாரம் எப்படியோ, பி.ஆர். வேலை அபாரம்.

பணம் வந்ததும் ஹை ஸ்ட்ரீட்டில் மாளிகை. சுற்றிலும் பரம்பரைப் பணக்காரர்கள். இவரைத் தங்கள் ஜமாவில் சேர்க்கவே இல்லை. போங்கடா என்று டெக்ஸ்டர் கப்பல்களுக்கு மரச்சிற்பம் செதுக்கும் ஜோசப் வில்சனைக் கூப்பிட்டார். வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், நெப்போலியன் எல்லாரும் பளபள பெயின்ட்டில் வந்து நின்றார்கள். மரத்துக்கு அழைப்பை மறுக்கத் தெரியாது.

அவர்களுக்கு நடுவே இன்னொரு மகான்: டெக்ஸ்டர். கிழக்கிலும் நானே முதல், மேற்கிலும் நானே முதல், மேலை உலகின் தத்துவஞானிகளில் நானே பெரியவன் என்று கீழே எழுதியும் வைத்தார். நம் ஃப்ளெக்ஸ் பேனரில் தலைவர் காலடியில் ஸ்டாம்ப் சைஸில் சிரிக்கும் வட்டச் செயலாளர் எவ்வளவு அடக்கமானவர், பாருங்கள்!

மனம் மாறினால் சிலையை மாற்ற மாட்டார். பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் எழுதச் சொல்வார். நேற்று ஜெனரல் மார்கன், இன்று நெப்போலியன். வரலாறு இவ்வளவு மலிவாக எங்கும் திருத்தப்பட்டதில்லை.

ஜெஃபர்சன் கையிலுள்ள சுருளில் ‘அரசியல் சட்டம்’ என்று எழுதச் சொன்னாராம். ‘ஐயா, அவர் எழுதியது சுதந்திரப் பிரகடனம்’ என்றாராம் பெயின்டர். பெயின்டர் சொன்னதுதான் சரி. அதுதான் வினை. பிரபு துப்பாக்கியை எடுத்துச் சுட்டார் என்றும், குண்டு பெயின்டரை விட்டு வீட்டுச் சுவரில் பாய்ந்தது என்றும் ஊர்க்கதை. அதற்குப் பிறகு ஸ்பெல்லிங்கைக்கூட யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள்.

ஸ்பெல்லிங் என்றதும் அந்தப் புத்தகம் ஞாபகம் வருகிறது. 1802-இல் வந்தது. கமா இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. புகார் எழுந்ததும், அடுத்த பதிப்பில் ஒரு பக்கம் முழுக்கப் புள்ளிகளையும் கமாக்களையும் அச்சடித்தார். உப்பு மிளகு மாதிரி வேண்டிய இடத்தில் நீங்களே தூவிக்கொள்ளுங்கள் என்றார். எடிட்டர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமலிருப்பது நல்லது.

தன் சாவுக்கு ஊர் எப்படி அழுகிறது என்று பார்க்க, உயிரோடு இருக்கும்போதே இறுதிச் சடங்கும் நடத்தினார். கூட்டத்துக்குக் குறைவில்லை. மனைவி போதிய அளவு அழவில்லை என்று பிரம்பை எடுத்தாராம். இந்த இடத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் சிரிப்பு வரவில்லை.

1806-இல் நிஜமாகவே இறந்தார். தன் தோட்டத்திலேயே ஆடம்பரமான கல்லறை கட்டி வைத்திருந்தார். வீட்டுத் தோட்டத்தில் பிணம் புதைக்கக் கூடாது என்று ஊர் அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். பிரபு எல்லாரையும் போல ஊர் இடுகாட்டுக்குப் போனார். 1815 செப்டம்பர் புயல் வந்து தள்ளிவிடும்வரை நெப்போலியன் கோஷ்டிதான் அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.