எம்-சீல் ஓனர்

பெங்களூர் நீலசந்திராவில் ஒரு வீட்டின் வயதைத் தெரிந்துகொள்ளப் பத்திரத்தைக் கேட்க வேண்டியதில்லை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, பக்கத்துச் சந்தில் நுழைந்து அண்ணாந்து குழாயைப் பார்த்தால் போதும். ஒரு மூட்டில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கும். இன்னொன்றில் சணலும் வெள்ளைப் பெயின்டும். அதற்கு மேலே எம்-சீல். அந்த எம்-சீல் விட்டுப்போன இடத்தில் இன்னொரு எம்-சீல். எங்கள் ஓனர் வீட்டுக் குழாயில் முளைத்த பல்லைவிடக் கட்டிய பல் அதிகம்.

ஓனர் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூர்த் தமிழில் வீட்டுக்காரர் என்றால் கணவர். வீட்டுக்குச் சொந்தக்காரர் ஓனர். இருபதுக்கு முப்பது சைட். கீழே அவர், முதல் மாடியில் லீசுக்கு ஒரு குடும்பம், இரண்டாம் மாடியில் வாடகைக்கு நாங்கள், அதற்கு மேலே சிமென்ட் ஷீட் போட்ட அறையில் இரண்டு பேச்சிலர்கள், அவர்கள் தலைக்கும் மேலே பிளாஸ்டிக் டேங்க். ஆஸ்டின் டவுன் தொடங்கி விவேக்நகர் வரை சந்துக்குச் சந்து இதே அடுக்குதான். அதனால் நான் சொல்லப்போகிறவரை ஒரே ஆள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்துக்கு நாலு பேர் தேறுவார்கள்.

அவர் கஞ்சர் இல்லை. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பாவம். வியாழக்கிழமை தவறாமல் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்கு, வெயில் காலத்தில் வாசலில் மோர்ப்பானை வைப்பவர். பேத்தியின் பிறந்தநாளுக்குச் சந்து முழுக்கப் பிரியாணி கொடுத்தவர். குழாய் என்று வந்தால் மட்டும் அவருக்குள்ளே இருக்கிற ஃபிட்டர் எழுந்து உட்கார்ந்துகொள்வார். பொதுத்துறைக் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர். "மாத்துறதுக்கு ஃபிட்டர் எதுக்கு தம்பி? கடைக்காரனே போதும். ஓட்டுறவன்தான் ஃபிட்டர்" என்பார். கையில் எச்.எம்.டி. வாட்ச். அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் அரசாங்கமே முடிவெடுத்துவிட்டது. அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. தினமும் காலையில் சாவி கொடுக்கிறார். அது தினமும் நாலு நிமிஷம் பின்தங்குகிறது. இரவு செய்தி பார்த்துச் சரிசெய்கிறார். குழாயையும் அவர் இப்படித்தான் பார்க்கிறார்.

வீட்டில் ஓடுவது ஜி.ஐ. பைப், ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது போட்டது. இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு. பூச்சு இருக்கும்வரை பயமில்லை. ஆனால் இரண்டு பைப்பைச் சேர்க்க நுனியில் மரை வெட்டியாக வேண்டும். வெட்டுகிற இடத்தில் பூச்சு போய்விடும். துரு அங்கேதான் முதலில் உட்காரும். அதோடு போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்து உட்புறம் வருஷா வருஷம் தடித்துக்கொண்டே வரும். காலையில் திறந்தால் முதல் சொம்பு தண்ணீர் செம்பழுப்பில் வரும். என் மனைவி அதற்கு "ஓனர் டீ" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

காவேரி இந்த ஊருக்கு வருகிற கதை பெரியது. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். வழியில் மூன்று இடங்களில் பம்ப் வைத்து, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 1974-ல் முதல் கட்டம் வந்தது; 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத்தையும் தொடங்கிவைத்தார்கள், நாளுக்கு 77.5 கோடி லிட்டர் என்ற கணக்கில். அத்தனை தூரம் ஏறி வந்த காவேரி, எங்கள் டேங்கிலிருந்து குளியலறைக் குழாய்க்குப் பதினைந்தடி இறங்கத்தான் திணறுகிறாள். ஷவரைத் திறந்தால் மூன்று துளையில் வரும். அதில் ஒன்று சுவரைப் பார்த்து வரும்.

ஓனரிடம் சொன்னால் நிஜமாகவே ஆச்சரியப்படுவார். "கீழ எனக்கு நல்லாத்தானே தம்பி வருது?" வரும். டேங்கிலிருந்து அவர் வீட்டுக் குழாய் நாற்பதடிக்குக் கீழே இருக்கிறது. தண்ணீரின் எடையே அடைப்பை மீறித் தள்ளிவிடும். இருப்பதிலேயே நல்ல பிரஷரை அனுபவிக்கிறவரிடம்தான் பைப் மாற்றும் அதிகாரமும் இருக்கிறது. நாட்டு நடப்பும் அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஷவரின் கீழே நின்றால் இப்படியெல்லாம் தோன்றும்.

ஒழுக ஆரம்பித்தால் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். முதலில் மோட்டாரை நிறுத்தச் சொல்வார். கேட் வால்வை அடைப்பார். அது முழுசாக அடையாது, அதற்குத் தனியாக ஒரு துணி. பைப்பைத் துடைத்து, எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, எம்-சீலின் இரண்டு பாகத்தையும் கிள்ளி, இரண்டு நிறமும் ஒன்றாகும்வரை லேகிய உருண்டைபோல உருட்டி அப்புவார். பிறகு ஸ்டூலிலேயே உட்கார்ந்து அது இறுகும்வரை பேசிக்கொண்டிருப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் மாடியில் மூன்று வீட்டு ஆட்களும் கையில் சோப்பு நுரையோடு காத்திருப்பது அவர் காதில் விழாது. வேலை சுத்தமாக இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஒட்டிய இடத்தில் மறுபடி ஒழுகியதில்லை. அதற்கு அரை அடி தள்ளித்தான் ஒழுகும்.

பழைய ஜி.ஐ. லைனில் ஒரு மூட்டை ரெஞ்ச் போட்டுத் திருகினால், அந்த முறுக்கு பைப்பிலேயே நடந்துபோய் அடுத்த மூட்டைக் கேள்வி கேட்கும். இது பிளம்பர்களுக்கு எல்லாம் தெரியும். எங்கள் வீட்டுக்கு வருகிற பையன் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரன். நாடு முழுக்கப் பிளம்பர்களை அனுப்பிவைப்பதில் பேர்போன மாவட்டம் அது. நீலசந்திராவில் நாலு வருஷம் இருந்து தமிழ் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்:

"அங்கிள், ஒட்டி ஒட்டி ஆகாது. ஃபுல் லைன் மாத்திடு."

"பாத்துக்கலாம்ப்பா. நாளைக்கு வா."

தொண்ணூறுகளில் இந்த ஊரில் ஒரு பேய்க்கதை பரவியது. ராத்திரி தெரிந்தவர் குரலில் கதவைத் தட்டுமாம். திறந்தால் ஆள் காலி. அதனால் வீட்டு வாசல்களில் கன்னடத்தில் "நாளே பா" என்று எழுதிவைத்தார்கள். பேய் வந்து படித்துவிட்டு, சரி நாளைக்கு வரலாம் என்று போய்விடும். மறுநாளும் அதே எழுத்து. எங்கள் ஓனர் அதைச் சுவரில் எழுதாமல் வாயில் வைத்துக்கொண்டார். படித்த பேய்க்குப் பலித்தது, பிளம்பருக்கும் பலிக்கிறது.

அவரிடம் ஒரு மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டர் உண்டு. தேதி, இடம், கோளாறு, போட்ட பொருள், கூலி, எல்லாம் அச்சடித்தது போன்ற எழுத்தில். ஒரே ஒரு வேலை மட்டும் அதில் நடக்காது: கூட்டல். பக்கத்தின் கீழே 'மொத்தம்' என்று கோடு போட்டுக் காலியாக விட்டிருப்பார். போன வருஷம் பேத்தி விளையாட்டாக அத்தனையையும் போனில் தட்டிக் கூட்டிவிட்டாள். ஆறு வருஷத்தில் ஒட்டுவதற்கும் கூலிக்கும் போன காசில் முழு லைனையும் மாற்றி, மிச்சத்தில் புது மோட்டாரும் வாங்கியிருக்கலாம். கூடத்தில் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"அது செலவே இல்லம்மா" என்றார் கடைசியில். "கொஞ்சம் கொஞ்சமா போனது எப்படிச் செலவாகும்? ஒரே நாள்ல மொத்தமா போனாத்தான் செலவு."

அவர் மனைவி சந்தில் இருபது பேருக்குச் சீட்டு நடத்துகிறவர். சமையலறையிலிருந்து ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "ஏங்க, ஆறு வருஷமா பைப்புக்குச் சீட்டு கட்டிக்கிட்டே இருக்கீங்க. எடுக்கத்தான் மாட்டேங்கிறீங்க."

ஓனர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. எதிர்வீட்டில், சாஃப்ட்வேர் மருமகன் ஒரு சொட்டைப் பார்த்துவிட்டு மாமனார் வீட்டு லைன் மொத்தத்தையும் மாற்றினார். சுவரை இடித்து, டைல்ஸை உடைத்து, எல்லாம் சி.பி.வி.சி. பைப் நல்ல பைப்தான். துரு பிடிக்காது, கீசரின் வெந்நீரையும் தாங்கும். ஆனால் பசை காயப் பொழுது கொடுக்கவில்லை. தண்ணீரை ஏற்றி பிரஷர் டெஸ்ட் வைக்காமலே மறுநாள் சுவரைப் பூசிவிட்டார்கள். மூன்றே மாதத்தில் புதுச்சுவரில் ஓதம் பூத்தது, கர்நாடக வரைபடம் மாதிரி. உடைத்த டைல்ஸின் ஜோடி எஸ்.ஜே.பி. ரோட்டில் தேடியும் கிடைக்காமல், ஒரு சுவர் நீலமும் ஒரு சுவர் பச்சையுமாக நிற்கிறது. அன்றைக்கு எங்கள் ஓனர் வீட்டில் கேசரி.

2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி ஊரே குடத்தோடு நின்றபோது, குடிதண்ணீரில் வண்டி கழுவினாலும் தோட்டத்துக்கு ஊற்றினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. ஓனர் உத்தரவை இரண்டு முறை படித்தார். "ஒழுகுறதுக்கு எதுவும் போடலையே" என்றார் நிம்மதியாக. ஆனாலும் சொட்டுக்கு நேர் கீழே இருந்த துளசித் தொட்டியை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்தி வைத்தார். துளசி, தோட்டக் கணக்கில் வந்துவிட்டால்?

அவரை மடக்கலாம் என்று நான் ஒருமுறை குடிநீர் வாரியத்தையே இழுத்தேன். ஒரு காலத்தில் ஊருக்குள் ஏற்றிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போனது, ஒழுகியும் திருட்டு இணைப்பிலும். அப்புறம்தான் பல இடங்களில் பழைய குழாயை மாற்றத் தொடங்கினார்கள், இல்லையா சார் என்றேன். "கவர்மென்டே மூணுல ஒரு பங்கு ஒழுகவிட்டிருக்கு" என்றார் கண் விரிய. "நான் எவ்வளவோ தேவலை, பாத்தீங்களா!"

கடைசியில் முதல் மாடிக் குடும்பம் காலி செய்தது. லீஸ் என்றால் மாத வாடகை கிடையாது. வாங்கிய லட்சங்களை மொத்தமாகத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வந்தால்தான் முடியும். வாசலில் போர்டு தொங்கியது: 'வீடு லீசுக்கு. 24 மணி நேரமும் தண்ணீர்.' அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. போர்டுக்கு மேலேயே ராத்திரி பகலாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் போர்டைப் படிப்பார்கள், தோளைத் துடைத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள்.

ஏழாவது ஆளும் போன பிறகு கேந்திரபாடா பையனைக் கூப்பிட்டார். பையன் இந்த முறை பேசவில்லை. ஒரு ஜான் பைப்பை வெட்டி அவர் கையில் கொடுத்தான். அரை அங்குல பைப்; உள்ளே துருவும் சுண்ணாம்பும் போக மிஞ்சிய துவாரம் ஒரு மிளகு போகிற அளவு. ஓனர் அதை ஒரு கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தார். விரலை உள்ளே விட முயன்றார். பிறகு உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஏந்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். முப்பது வருஷம் மெஷின்களின் வயிற்றைத் திறந்து பார்த்தவர். தன் வீட்டுக் குழாயின் உள்ளே அன்றைக்குத்தான் பார்க்கிறார் போல.

"இதுலயா இத்தனை வருஷம் தண்ணி வந்துச்சு? கெட்டிக்காரப் பைப்பு" என்றார். பழி போட மனசில்லை.

சுவரை உடைக்கவில்லை. ஃபிட்டர் மூளை அங்கே வேலை செய்தது. சுவருக்குள் இருந்த பழைய லைனை இரண்டு முனையிலும் அடைத்து அப்படியே சாகவிட்டு, வெளிச்சுவரில் கிளாம்ப் அடித்துப் புது லைன். வெயில் படுகிற இடத்தில் மட்டும் பெயின்ட், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் மொறுமொறுத்துப் போகும். பூசுவதற்கு ஏதும் இல்லாதபோதும் ஒரு ராத்திரி முழுக்க பிரஷர் டெஸ்ட் வைத்தார். ஸ்டூல் போட்டுக் கூடவே உட்கார்ந்திருந்தார். நான்கு நாள் வேலை. பழைய இரும்பைக் குஜரிக் கடையில் போட்டபோது வெட்டின அந்த ஒரு ஜானை மட்டும் கொடுக்கவில்லை. அது ரெஜிஸ்டரின் மேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

எங்கள் ஷவரில் இப்போது எல்லாத் துளையிலும் வருகிறது. முதல் நாள் என் மகன் பயந்துபோய் வெளியே ஓடிவந்தான். முதல் மாடிக்கும் ஆள் வந்தாயிற்று.

ஓனர்தான் மெலிந்துவிட்டார். சாயங்காலங்களில் சந்தில் நின்று புது மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். விரல் காய்ந்தே வருகிறது. பாதி உபயோகித்த எம்-சீல் ஒன்று சட்டைப்பையில் கல்லாகிக்கொண்டிருக்கிறது. நேற்று மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கக் கதவருகே நின்றார்.

"மேல ஏதாச்சும் ஒழுகுதா தம்பி?"

"இல்ல சார்."

"சிங்க்குக்குக் கீழ?"

"இல்ல சார்."

"அவசரமில்ல" என்றார். "நல்லா பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு வரேன்."