பால் வாங்கப் போகும் ஆயிரம் குதிரை

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் ஒன்றாகச் சேர்ந்து அதிர்ந்தால் நான் பூகம்பம் என்று பதறுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பால் வாங்கக் கிளம்புகிறார், அவ்வளவுதான்.

ஊர் அமெரிக்காவில், ஓஹாயோ மாநிலத்தில். கடை முக்கால் மைல். வண்டி 1972 செவர்லே நோவா. அதன் மூக்குக்குள் ஆயிரம் குதிரை சக்தி. எங்கள் கிராமத்து ஐயனாருக்குத் தலைமுறை தலைமுறையாக நேர்ந்து எடுத்து வைத்த மண் குதிரைகளையெல்லாம் எண்ணினாலும் நாற்பதைத் தாண்டாது. இவர் ஒற்றை ஆளாக ஆயிரத்தைப் பூட்டிக்கொண்டு போய் ஒரு காலன் பால் வாங்கி வருகிறார்.

பெயர் வேண்டாம். அந்த நாட்டில் ஊருக்கு நாலு பேர் இப்படி இருப்பதால் குதிரைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஐம்பதைத் தாண்டிய வயது. நகக்கண்ணில் சோப்புக்கு அசையாத கறுப்பு. தலையில் ஏதோ உதிரிபாகக் கடை ஓசியில் கொடுத்த தொப்பி. கராஜில் இரண்டு கார் நிற்கலாம். ஒரு பாதியில் நோவா நிற்கிறது, மறு பாதியில் நோவாவுக்குள் முன்பு இருந்த என்ஜின்களும் இனி இருக்கப்போகும் என்ஜின்களும். வீட்டுக்காரம்மாவின் மினிவேன் வெளியே பனியில். குழந்தைகளைப் பள்ளியில் விட்டதும், குதிரைக்காரரை இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், நோவாவுக்கு உதிரிபாகம் ஏற்றி வந்ததும் அந்த மினிவேன்தான்.

இவர்களிடம் மறந்தும் ‘பந்தயக் கார்’ என்று சொல்லிவிடக் கூடாது. முகம் சுண்டிவிடும். “சாதாரண ரோட்டு வண்டிங்க இது” என்பார். முதல்முறை என்னைக் கராஜுக்குள் அழைத்தபோது, பூசணிக்காய் பருமனில் இருந்த அந்த டர்போவைக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டுக் காட்டினார். அப்புறம் வலப்பக்கம். ஹார்ன் அடித்தார். வைப்பர் ஒரு தடவை போய்வந்தது. நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் காகிதம் எல்லாம் பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஜாதகம் காட்டுகிற பக்குவத்தோடு வெளியே வந்தன. டயர் ஓரத்தில் ‘டிஓடி’ என்று பொறித்திருந்த எழுத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். போக்குவரத்துத் துறையின் விதிக்கு உட்பட்டது என்று பொருளாம். தாரோடு ஒட்டிக்கொள்கிற மெத்து ரப்பர். பட்டன் என்று பேருக்கு இரண்டு கோடு.

“மழை வந்தால்?” என்றேன்.

“மழையில் யாராவது பால் வாங்கப் போவார்களா?” என்றார்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. தெருவில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த விடலைகளைத் தனிப் பாதைக்கு ஓட்டிக்கொண்டு போகத்தான் வாலி பார்க்ஸ் 1951-இல் கலிஃபோர்னியாவில் என்.எச்.ஆர்.ஏ. சங்கத்தைத் தொடங்கினார். கால் மைல், அதாவது 1,320 அடி. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. நேராகப் போய் நிற்க வேண்டியதுதான். தனிப் பாதை கிடைத்ததும் வண்டிகள் நீண்டு, மெலிந்து, தெருவுக்கே லாயக்கில்லாத ராக்கெட்டுகள் ஆயின. பார்த்தது ‘ஹாட் ராட்’ பத்திரிகை. 2005-இல் ‘டிராக் வீக்’ என்று ஒரு வாரப் போட்டியை ஆரம்பித்தது. ஐந்து நாள், ஆயிரம் மைல் போல, நாளுக்கொரு பந்தயப் பாதை. ஊர் விட்டு ஊர் போவதும் அதே வண்டியில்தான், பின்னால் உதவி லாரி வரக் கூடாது. அப்படி ஊர் ஊராக ஓட்டிப்போன 1969 கமாரோவில் டாம் பெய்லி 2019-இல் கால் மைலை ஆறு விநாடிக்குள் கடந்தார். குதிரைக்காரர் இதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக்கொள்வார்.

குதிரைக் கணக்கு கேட்டால் அவரிடம் மூன்று விடை உண்டு. எதிரே நிற்கும் போட்டியாளருக்கு அறுநூறு. என்னைப் போன்ற பாமரனுக்கு ஆயிரம். தோற்றுவிட்டு வந்த அன்று, சக்தி அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி அளந்த சீட்டை எடுத்து, “சக்கரத்தில் எண்ணூற்று ஐம்பதுதான் வருது, மீதியை கியர்பாக்ஸ் தின்னுடுது” என்பார்.

இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கார்க் கம்பெனிகள் காட்டிய வழிதானே. எல்88 என்ற கார்வெட் கார் என்ஜினுக்கு 1967-இல் காகிதத்தில் 430 குதிரை போட்டார்கள். உள்ளே இருந்தது ஐந்நூறுக்கு மேல். பிறகு கணக்கு மறுபக்கம் புரண்டது. 1971-இல் 270 குதிரை என்று விற்ற சாதாரணக் கார்வெட், 1972-இல் 200 குதிரை ஆனது. என்ஜின் ஏறக்குறைய அதேதான். முன்பு விசிறி, சைலன்சர் போன்ற சுமையெல்லாம் இல்லாமல் அளந்தார்கள், அந்த வருஷம் மாட்டிவிட்டு அளந்தார்கள். மதுரையில் ஒரே ராத்திரியில் பரிகள் நரிகளாகிக் காட்டுக்கு ஓடிய திருவிளையாடலுக்குப் பின், இவ்வளவு குதிரை ஒரே சமயத்தில் காணாமற்போனது கார்க் கம்பெனிகளின் டெட்ராய்ட்டில்தான்.

குதிரைக்காரருடைய முதல் என்ஜின் காயலான் கடைச் சரக்கு. விபத்தில் நசுங்கிய செவர்லே பிக்கப்பின் 5.3 லிட்டர் வி8. அதைப் பிரித்துப் போட்டு, ராத்திரி ராத்திரியாக பிஸ்டன் ரிங்குகளின் முனையை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் நகை ஆசாரி ஞாபகம் வந்தது. விஷயம் இதுதான். ரிங் என்பது வாய் திறந்த வளையல். டர்போ காற்றைத் திணிக்கத் திணிக்கச் சூடு ஏறும், ரிங் நீளும். இரண்டு முனையும் முட்டிக்கொண்டு மேலும் நீள இடம் இல்லாவிட்டால் பிஸ்டனையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே முனைகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இடம் விட வேண்டும். வளரும் பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டையைத் தொளதொளவென்று தைப்பதில்லையா, அதேதான்.

எட்டில் ஏழு பிஸ்டனுக்குச் சரியாக ராவியிருந்தார்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இந்தக் குதிரை என்ஜின் பிளாக்கில் குழி பறித்து, அதன் வழியே தெருவையும் எட்டிப் பார்த்தது. அவர் கலங்கவில்லை. புது பிளாக் வந்தது. கூடவே சிமெண்ட் மூட்டை போல ஒன்றும் வந்திறங்கியது.

“வீட்டில் கட்டட வேலையா?” என்று கேட்டேன்.

“இல்லை, என்ஜினுக்குத்தான்” என்றார்.

விளையாட்டு இல்லை, மெய்யாகவே செய்கிறார்கள். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் பாதி உயரத்துக்குக் கலவையை ஊற்றி இறுக விட்டால், அழுத்தத்தில் சுவர் நெளியாது. அப்படியானால் தண்ணீர் எங்கே ஓடும் என்று கேட்டேன். மேல் பாதியில் என்றார். பாதித் தண்ணீர் போதுமா என்றேன். “ஒன்பது விநாடிக்குத் தாராளமாகப் போதும்.” மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். சிமெண்ட் குதிரையைப் பற்றி யாரும் எச்சரித்ததில்லை.

புது என்ஜினை சோதிக்க நார்வாக் ஊர்ப் பந்தயப் பாதைக்கு என்னையும் அழைத்துப் போனார். ஒரு டாலருக்கு ஒரு பவுண்டு ஐஸ்கிரீம் என்று பேர் வாங்கிய இடம். அந்த ஒரு பவுண்டைக் கரையவிடாமல் போராடிக்கொண்டே நான் பந்தய விதிகளைப் படித்துக்கொண்டேன். விளக்குக் கம்பத்தில் மூன்று மஞ்சள் அரை விநாடி இடைவெளியில் எரியும், அப்புறம் பச்சை. வேடிக்கை என்னவென்றால், பச்சை எரிந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை. வண்டி கோட்டை விட்டு நகர்ந்தால்தான் அதன் நேரம் ஆரம்பம். பச்சை விழுந்த பிறகு ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினாலும் சீட்டில் அதே ஒன்பது விநாடிதான் அச்சாகும். பந்தயம் மட்டும் பக்கத்துப் பாதைக்காரனுக்குப் போயிருக்கும்.

குதிரைக்காரர் 9.2 விநாடியில் போனார். அதற்குள் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பெட்ரோல் போயிற்று. திரும்பி வந்து சீட்டை என்னிடம் நீட்டியபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, பேத்தியின் முதல் ரேங்க் கார்டை நீட்டும் தாத்தா தோற்றார். ஆனால் அடுத்து அவர் சொன்னது வேகத்தைப் பற்றி அல்ல. “பாத்தீங்களா, வரும்போது சிக்னல் போட்டுத்தான் லேன் மாறினேன்.”

அப்போதுதான் எனக்கு ஆளைப் புரிந்தது. பந்தயப் பாதையில் அவரைவிட வேகமானவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே அவர் நூற்றில் ஒருவர். மளிகைக் கடை வாசலிலோ இரண்டு கேம்ரிக்கு நடுவே நிறுத்திவிட்டு, தள்ளுவண்டி எடுக்க உள்ளே போகிற ஆயிரம் குதிரைக்காரர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். பந்தயத்துக்குப் போவதே, பால் வாங்கப் போவதற்குப் பெருமை சேர்க்கத்தான்.

போன மாதம் என் வீட்டில், “என்னங்க, உறை ஊத்தப் பால் இல்லை” என்று குரல் வந்த நேரத்தில் அவர் வாசலில் நின்றார். வாருங்கள், ஒரே நிமிடம் என்றார். பத்து விநாடிக்குக் கீழே ஓடும் இந்த மாதிரிப் பழைய வண்டிக்கு உள்ளே முழுக் கூண்டு கட்டாயம் என்பது என்.எச்.ஆர்.ஏ. சங்கத்தின் விதி. அந்தக் குழாய்களுக்கு நடுவே, கூட்ட நாளில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஜன்னல் வழியாக ஏறுகிற வித்தையைப் பல வருஷம் கழித்துப் பிரயோகித்து உட்கார்ந்தேன்.

கடைக்கு முந்தின சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஒன்பது விநாடி கழிந்தது. தொண்ணூறு விநாடியும் கழிந்தது. மேல் பாதியில் ஓடிய தண்ணீர் கொதித்து, வண்டி முன்னால் வெள்ளையாகப் புகைந்தது. சூடு முள் நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு அவரே என்ஜினை அணைத்தார். ஆயிரம் குதிரையும் படுத்துவிட்டன. பச்சை வந்தது, போனது. மறுபடி வந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். எங்களுடைய ஹார்னும் வேலை செய்கிறது என்பதை அவர் அவர்களுக்குத் தெரியப்படுத்தினார். இரண்டு இண்டிகேட்டரையும் சேர்த்து மின்ன விட்டார். அவை மிக நன்றாக மின்னின.

நான் கூண்டிலிருந்து வெளியே வந்து நடந்துபோய், இரண்டு காலன் பால் வாங்கி, ஒன்றை அவருக்கென்று தூக்கிக்கொண்டு திரும்பினேன். அதே இடம், அதே சிக்னல். தூரத்தில் மினிவேன் வருவது தெரிந்தது. என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல், “இருபது நிமிஷம் ஆயிடுச்சு” என்றேன்.

அவர் பாலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “வண்டி இன்னும் கோட்டை விட்டு நகரலையே, கடிகாரம் எங்கே ஓட ஆரம்பிச்சுது?” என்றார்.