அணிலுக்கும் எல்லை உண்டு

2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் மோடி உலகுக்கு வாக்குக் கொடுத்தார்: 2070-க்குள் இந்தியாவின் கரிம உமிழ்வு நிகரப் பூஜ்யம். சௌகரியமான தவணை. கேட்டுக் கைதட்டியவர்களில் பாதிப் பேர் வசூலுக்கு வரமாட்டார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை நாட்டின் 51-வது புலிகள் காப்பகமானது. சாம்பல் நிற அணிலுக்கு அங்கே 1988-லேயே சரணாலயம் உண்டு. புலி பின்னால் வந்த குடித்தனக்காரர்.

2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். சரணாலயங்களுக்கு வெளியே உள்ள காடுகளில் அரசு உயிரியல் பூங்காவோ சஃபாரியோ அமைத்தால், அதுவும் காட்டு வேலைதானாம். ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர் அணில் இனி எல்லைக்கல் பார்த்துத் தாவுவது நல்லது.

நல்லதையும் சொல்லிவிடுவோம். மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்றவை சாராததாக வேண்டும் என்ற 2030 இலக்கை 2025-லேயே தொட்டாயிற்று. நிறுவியது பாதி, ஆனால் வீட்டு விளக்கை எரிப்பது இன்னமும் பெரும்பாலும் நிலக்கரிதான்.

மேடையில் 2070 வந்துவிட்டது. காட்டில் நடப்பதென்னவோ 2023-ன் சட்டம்தான்.