வீட்டுக்கு ஒரு குற்றாலம்

முன்வாசலில் ஆறடிக்கு நாலடி குட்டை வெட்டி, சிமென்ட் பூசி, பின்னால் பாறாங்கல் அடுக்கி, மேலேயிருந்து அருவி கொட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்ல காரியம். பாக்கியிருப்பது பம்ப் ஒன்றுதான். நம் ஊரில் அதை வாங்குவதற்கென்றே காலங்காலமாக ஒரு முறை இருக்கிறது. அதன்படியே செய்யுங்கள்.

முதலில், எதையும் அளக்காதீர்கள். நேராக மோட்டார் கடைக்குப் போய், "வீட்டுல ஃபால்ஸ் வைக்கிறோம், நல்ல பம்பா குடுங்க" என்று மட்டும் கேளுங்கள். கடைக்காரர் உங்கள் சட்டையையும் வெளியே நிற்கும் காரையும் ஒரு பார்வை பார்ப்பார். "ஒரு எச்.பி. போட்டுக்கங்க சார். பின்னாடி யோசிக்கவே வேணாம்" என்பார். எத்தனை லிட்டர், எவ்வளவு உயரம் என்று அவரும் கேட்க மாட்டார், நீங்களும் சொல்ல வேண்டாம்.

அது மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றப் பிறந்த மோட்டார். நாலடி உயரத்துக்கு அதைப் பூட்டினால் தடுப்பாரில்லாமல் வாரி இறைக்கும். இறைக்க இறைக்கக் கரண்டையும் அதிகமாக இழுக்கும், காயில் சூடேறும். ரீவைண்டிங் கடைக்காரருக்கும் குடும்பம் இருக்கிறதல்லவா? குறைத்து 746 வாட் என்றே வைத்துக்கொண்டாலும், இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 18 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரத்தை ஆறாம் நாளே அருவி குடித்துத் தீர்த்துவிடும். தண்ணீர் குட்டையில் விழாமல் தாண்டிப் போய்ச் செருப்பு ஸ்டாண்டில் விழும். குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்களே, அந்த மாதிரி உங்கள் வீட்டிலும் வாசல் வழியாக வரத் தடை போட வேண்டியிருக்கும்.

சிக்கனக்காரர்களுக்கு வேறு வழி உண்டு. சென்னையில் என்றால் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போகலாம். அட்டைப்பெட்டியில் '4500 லிட்டர், 3 மீட்டர்' என்று போட்டிருக்கும். இரண்டையும் சேர்த்து நம்பிவிடுங்கள். உண்மையில் 4500 லிட்டர் என்பது ஒரு மணி நேரத்துக்கு, அதுவும் உயரமே இல்லாதபோது வருவது. 3 மீட்டர் என்பது, தண்ணீர் குழாய்க்குள் ஏறி அங்கேயே நின்றுவிடும் உயரம். வெளியே ஒரு சொட்டு விழாது. நடுவில் எந்த உயரத்துக்கு எவ்வளவு வரும் என்று உள்ளே இருக்கும் தாளில் ஒரு வளைகோடு போட்டிருப்பார்கள். அதைப் பெட்டியோடு சேர்த்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடவும்.

இந்த நேரம் பார்த்து, கேட்காமலே மச்சான் ஒருவர் டேப்போடு வந்து நிற்பார். "மாமா, தண்ணி வழியற கல்லு ஓரடி அகலம். இஞ்சுக்கு மணிக்கு 380 லிட்டர் வெச்சா நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம். தண்ணி மட்டத்துலேருந்து கல்லு நாலடி. பைப்பு, வளைவுக்கு ரெண்டடி சேத்துக்கங்க. ஆறடி உயரத்துல 4500 வர்ற பம்பா பாருங்க. அல்லி வளக்கறதா இருந்தா தண்ணி அலையாத மூலையில வையுங்க" என்பார். அவர் சொல்வது அத்தனையும் சரி. அதனால்தான் காபி கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவைக்கச் சொல்கிறேன். அவர் சொல்லும் பம்ப் 80 வாட்டில் முடிந்துவிடும். வருகிறவர்களிடம் 80 வாட் என்று எப்படிச் சொல்வது?

குழாயில் மட்டும் கை இறுக்கம் காட்டுங்கள். கார் கழுவும் அரை இஞ்ச் ஓஸ் சும்மாதானே கிடக்கிறது. ஒரே அளவு தண்ணீருக்குக் குழாயின் விட்டம் பாதியானால் உராய்வு சுமார் 32 மடங்காகும். மேலே போய்ச் சேரும் கொஞ்சநஞ்சத் தண்ணீருக்குக் கல்லின் விளிம்பைத் தாண்டிக் குதிக்கத் தெம்பிருக்காது; கல்லின் அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே பின்பக்கம் இறங்கும். திறப்பு விழா அன்று உள்ளேயிருந்து குரல் வரும்: "என்னங்க, எங்கயோ பைப்பு ஒழுகுது பாருங்க!"

குட்டையை விளிம்பு வரை நிரப்புங்கள், அப்போதுதான் அழகு. பம்ப் ஓடும்போது மேல்தொட்டியிலும் ஓடையிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கரண்ட் போனதும் அது அத்தனையும் கீழே வரும். இந்தக் குட்டையில் ஓர் இஞ்ச் என்பது ஏறக்குறைய 57 லிட்டர், நாலு குடம். மின்வெட்டு நேரத்தில் போர்ட்டிகோ கழுவிவிட்ட புண்ணியம் உங்களுக்கு.

கேலியை விட்டு ஒன்று சொல்கிறேன்: கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தண்ணீருக்குள் எந்தப் பம்பையும் இறக்காதீர்கள். பிள்ளைகள் கைவிட்டு அளையும் இடம் அது.

முதல் பில் வந்த பிறகு, விருந்தாளி வந்தால் மட்டும் சுவிட்சைப் போடுவது என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறும். விருந்தாளிகள் எப்போதோ வருவார்கள்; கொசு அப்படியில்லை. ஒரு நாள் காலை மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து, குட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, நெளியும் புழுக்களைக் காட்டி, "என்ன சார் இது?" என்பார். "அருவிங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவர் பாறையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'தேங்கிய நீர்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, உங்களிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போவார்.